படத்துக்கு ஒரு நாலாவது ஆள்

1

மலேசியாவுக்கு வந்து இருபத்தைந்து ஆண்டுகள் நிறைந்தன என்று யாரும் மாலை போடவில்லை. எனக்கே அது தற்செயலாகத்தான் தெரிந்தது. குடிநுழைவு அலுவலகத்தில் ஒரு பாரம் கொடுத்தார்கள். அதில் நான் முதன்முதலில் வந்திறங்கிய ஆண்டைக் கேட்டிருந்தது. எழுதினேன். கணக்குப்பிள்ளை புத்தி சும்மா இருக்குமா? உடனே கழித்துப் பார்த்துவிட்டது.

கவுன்ட்டரில் இருந்த மலாய்ப் பெண் பாரத்தை வாங்கிக்கொண்டு, "கம்பார்?" என்றாள். கம்பார் என்றால் படம். சட்டைப் பையிலிருந்து இரண்டு பாஸ்போர்ட் படங்களை எடுத்து நீட்டினேன். அவை எப்போதும் என்னிடம் இருக்கும். இந்த நாட்டில் குடியுரிமை இல்லாமல் நிரந்தரமாக வசிப்பவனுக்குச் சிவப்பு அட்டை. சிவப்பு அட்டைக்காரன் படம் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பக்கூடாது என்பது அனுபவத்தில் வந்த பாடம்.

அந்தப் பெண் என் முகத்தைப் பாரத்தில் ஒட்டி முத்திரை குத்தியபோதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருடங்களில் நான் எடுத்துக்கொண்ட படங்கள் எல்லாமே இப்படித்தான். காது இரண்டும் தெரிய, சிரிக்காமல், தனியாக. என் மனைவி உமையாளுடைய படங்களும் அப்படித்தான். இங்கேயே பிறந்து குடிமக்களுக்கான நீல அட்டை வாங்கிவிட்ட எங்கள் ஒரே மகள் வள்ளியின் படங்கள் மட்டும் பள்ளிக்கூடத்தார் எடுத்தவை. நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக இருக்கும் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை.

வள்ளி மருந்தியல் படிக்க நியூஸிலாந்து போகச் சில மாதங்களே இருந்தன. போய்விட்டால் படிப்பு, பிறகு வேலை, பிறகு யாரோடோ எங்கேயோ. அவள் வயதில் நான் கப்பல் ஏறியபோது என் வீட்டாரும் மூன்று வருடம் என்றுதான் நினைத்தார்கள். அவள் போவதற்குள் மூன்று பேரும் ஒரு சட்டத்துக்குள் நின்றுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. குடிநுழைவு அலுவலகத்திலிருந்து நேரே கடைத்தெருவுக்குப் போனேன். ஜப்பான் கேமரா ஒன்றை வாங்கினேன். லென்ஸைத் தனியாகக் கழற்றி மாட்டலாம். லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கலாம். ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருக்கிற ஜாதி.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் உமையாள், "எதுக்கு இப்ப இது?" என்றாள். "தள்ளுபடியில் குடுத்தான்" என்றேன்.

2

கேமராவோடு ஒரு விளக்கப் புத்தகம் வந்தது. ஆங்கிலத்தில்தான், ஆனால் ஜப்பானியன் எழுதிய ஆங்கிலம். கிள்ளானில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிற கம்பெனியில் கணக்கு எழுதுவது என் வேலை. எங்கள் வீடு இருக்கிற பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து தினமும் காலையில் பேருந்தில் கிள்ளான், மாலையில் அதே பேருந்தில் திரும்பல். அந்தப் பயணத்தில் புத்தகத்தை மடியில் வைத்துப் படித்தேன். பக்கத்து இருக்கைக்காரர்கள் நான் ஏதோ பரீட்சைக்குப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

எனக்கு முதலில் கோபம் வந்தது லென்ஸ் வளையத்தில் இருக்கிற எண்களைப் பார்த்துத்தான். எண் பெரிதானால் ஒளி போகிற துளை சிறிதாகிறது. எண் சிறிதானால் துளை பெரிதாகிறது. வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதியவனுக்கு இது அநியாயமாகப் பட்டது. "பதினாறு என்பது இரண்டைவிடக் கம்மியாமே" என்று உமையாளிடம் சொன்னேன். "உங்களை ஏமாத்திட்டான், திருப்பிக் குடுத்துருங்க" என்றாள்.

முதல் ஃபிலிமைப் போட்டுக்கொண்டு தைப்பூசத்துக்குப் பத்துமலை போனேன். உமையாள் கூட்டத்துக்குப் பயந்து வரவில்லை. வள்ளிக்குத் தோழிகளோடு ஏதோ திட்டம். தனியாகத்தான் போனேன். அலகு குத்தியவர்கள், மொட்டை போட்ட குழந்தைகள், பால்குடம் சுமந்த ஒரு சீனப் பெண், எல்லாவற்றையும் எடுத்தேன். முப்பத்தாறு படம் எடுக்கலாம் என்று சொல்லித்தான் கடைக்காரர் ஃபிலிம் கொடுத்திருந்தார். முப்பத்தாறு தாண்டியும் ஃபிலிமை நகர்த்துகிற நெம்புகோல் நகர்ந்துகொண்டே இருந்தது. கை தாராளமான கடைக்காரர் போலிருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். மேலும் கொஞ்சம் எடுத்தேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஃபிலிம் கழுவுகிற சீனர் மறுநாள் சுருளை விரித்துக் காட்டினார். "அங்கிள், கோசோங் லா." கோசோங் என்றால் காலி; 'லா' இந்த ஊர்ப் பேச்சுக்கு வால். ஃபிலிமின் நுனி உள்ளேயிருக்கிற பல்லில் மாட்டவே இல்லை. ஃபிலிம் தன் டப்பாவுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்க, நான் வெறும் கேமராவை வைத்துக்கொண்டு மலையேறி இறங்கியிருக்கிறேன். புதுசாக வாங்குகிறவர்கள் எல்லாரும் இதைச் செய்வார்கள் என்று அவர் சமாதானம் சொன்னார். ஃபிலிமைத் திருப்பிச் சுற்றுகிற குமிழ் ஒவ்வொரு படத்துக்கும் தானாகச் சுழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார். அன்றிலிருந்து நான் ஆளைப் பார்ப்பதைவிடக் குமிழைத்தான் அதிகம் பார்த்தேன்.

இரண்டாவது சுருளிலிருந்து படம் விழ ஆரம்பித்தது. கிள்ளான் கடைத்தெருவில் துணி இறக்குகிற லோரி, பேருந்து நிறுத்தம், எங்கள் வீட்டுக் கொல்லையில் காயும் சேலை. ஆட்கள் கிடைக்கவில்லை. உமையாள் கேமராவைக் கண்டால் முகத்தை மூடிக்கொள்வாள். வள்ளி வீட்டில் இருக்கிற நேரமே குறைவு. இருந்தாலும் தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருப்பாள்.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வழக்கப்படி அவள் என்னை அப்பச்சி என்றுதான் கூப்பிடுவாள். பள்ளிக்கூடம் போனதும் அங்கே யாரும் தகப்பனை அப்படிக் கூப்பிடுவதில்லை என்று கண்டுபிடித்துவிட்டாள். அப்பா ஆனேன். மேல்வகுப்புக்குப் போனபோது 'பா' ஆனேன். பேர் சுருங்கிக்கொண்டே வந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று மற்றவர்களிடம் சொல்வேன். எடுத்துக்கொண்டேன்.

3

கேமராவின் முன்பக்கம் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. அதைக் கீழே தள்ளிவிட்டுப் பொத்தானை அழுத்தினால், 'கிர்ர்' என்று பத்து வினாடி ஓடி, அதன் பிறகு தானே படம் எடுக்கும். எடுக்கிறவனும் ஓடிப்போய்ப் படத்தில் நின்றுகொள்ளலாம். இதைப் படித்த அன்று கிள்ளானில் இறங்க வேண்டிய நிறுத்தத்தையே தவறவிட்டேன்.

சாயங்காலம் உமையாளிடம் விஷயத்தைச் சொன்னேன். மூவரும் ஒன்றாக ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

"மூணு பேரா நிக்கப்படாது."

மறந்தே போயிருந்தேன். மூன்று பேராக நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது, அல்லது மூவரில் ஒருவர் பிரிந்து போவார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் ஊரில் அது ஒரு பிரச்சினையே இல்லை. எங்கள் காரைக்குடி வீட்டில் மூன்று பேர் மட்டும் தனியாக நிற்பது என்பதே நடக்காத காரியம். ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விடுவதற்குள் சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் இரண்டு வந்து முன்னால் உட்கார்ந்துவிடும். போகச் சொன்னாலும் போகாது. அப்போது எரிச்சலாக இருக்கும்.

"எந்தக் காலத்தில் இருக்கிறாய்? இது விஞ்ஞான காலம்" என்று ஆரம்பித்தேன்.

"விஞ்ஞானமா வந்து அவளப் பாத்துக்கப் போகுது? தூர தேசத்துக்குப் போற புள்ள. தெரிஞ்சே எதுக்குச் செய்யணும்?"

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. வள்ளி ஒரு பொம்மையைப் பிடித்துக்கொண்டு நின்றால் நாலு ஆகிவிடுமே என்று கேட்டேன். பதினெட்டு வயதில் பொம்மையா என்று வள்ளி கண்ணை உருட்டினாள். பிள்ளையார் படத்தை வைத்துக்கொள்ளலாமா என்றேன். "சாமிய ஆள் கணக்குல சேப்பாங்களா?" என்று உமையாள் அதட்டினாள்.

ஆக, ஒரு ஆள் வேண்டும். நாலாவதாக ஒரே ஒரு ஆள்.

4

யாரைக் கூப்பிடுவது என்று இருவரும் யோசித்தோம். கம்பெனியில் என்னோடு வேலை பார்ப்பவர்களோடு நல்ல பழக்கம்தான். ஆனால் கிள்ளானிலிருந்து ஒருவரை வரச் சொல்லி, "எங்கள் குடும்பப் படத்தில் நில்லுங்கள்" என்று எப்படிக் கேட்பது? கோவிலில் பார்க்கிறவர்கள் கோவிலோடு சரி. ஊர்க்காரர்கள் சிலர் இருக்கிறார்கள். பெரிய வியாபாரிகள். தீபாவளிக்குப் போய் நின்றால் பலகாரம் தருவார்கள். நம் வீட்டு வாசலுக்கு வரமாட்டார்கள். ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஒவ்வொரு பெயராக விட்டுவிட்டோம்.

"இத்தன வருசம் இருந்தும், நம்ம கூட வந்து நிக்க ஒரு ஆள் இல்லையா?" என்றாள் உமையாள்.

குறையாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். இந்த ஊரில் சோற்றுக்கும் துணிக்கும் நான் குறை வைத்ததில்லை. ஆள் சேர்த்து வைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றவே இல்லை. ஊரில் அது தானாக இருந்தது. அதனால் இங்கும் தானாக வந்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

கடைசியில் வள்ளிதான் சொன்னாள். "சவரிமுத்து அங்கிளக் கூப்பிடுங்க லா. ஹி வில் லவ் இட்."

சவரிமுத்து எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். மகன்கள் இருவரும் ஆஸ்திரேலியாவில். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வருகிற வழியில் எங்கள் வீட்டில் நின்று தமிழ்ப் பத்திரிகையைப் புரட்டுவார். உமையாள் கொடுக்கிற காப்பியைக் குடிப்பார். அரசியலைத் திட்டிவிட்டுப் போவார். வேறு மதம், வேறு நாடு, வேறு பேச்சு. ஆனாலும் வாரம் தவறாமல் எங்கள் கதவைத் தட்டுகிற ஒரே ஆள் அவர்தான்.

நான் போய்க் கேட்டேன்.

"ஃபேமிலி ஃபோட்டோவா? நானா?"

விவரத்தைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க அம்மாவும் இதத்தான் சொல்லும். கிறிஸ்டியன் ஆனாலும் மூணுன்னா மூணுதான் லா. நான் வரேன் அண்ணே. ஆனா எனக்கும் ஒரு காப்பி போட்டுக் குடுக்கணும்."

"கட்டாயம்" என்றேன்.

வள்ளிக்குப் பரீட்சை முடிவு, விசா, ஊசி என்று நாள் ஓடியது. அவள் வீட்டில் இருந்தால் அவர் இல்லை. அவர் இருந்தால் மழை. ஒரு வழியாக அவள் கிளம்புகிற அன்று காலையில்தான் நால்வரும் கூடினோம்.

5

விமானம் மதியம். சுபாங் விமான நிலையத்துக்கு டாக்ஸி சொல்லியிருந்தோம். சவரிமுத்து கோட்டும் டையும் கட்டி வந்தார். ரயில்வேயில் பிரிவுபசாரத்துக்குத் தைத்ததாம். "அங்கிள், யூ லுக் லைக் தி பிரைட்கிரூம்" என்று வள்ளி கேலி செய்தாள். அந்தக் காலையில் வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அது.

வாசல் வெளிச்சம் நன்றாக இருந்தது. கேட் தூணின் மேல் கேமராவை வைத்து, அடியில் ஃபிலிம் வந்த மஞ்சள் பெட்டியைச் செருகி மட்டம் பார்த்தேன். வீட்டுப் படிமேல் மூவரும் நின்றார்கள். வலது ஓரம் உமையாள், அடுத்து வள்ளி, அவளுக்குப் பக்கத்தில் சவரிமுத்து. அவருக்கு இடப்பக்கம், ஜன்னலை ஒட்டி எனக்கு இடம். காலையிலிருந்து சூட்கேஸையும் சாமி அறையையும் வள்ளி இட்லி சாப்பிடுவதையும் எடுத்துத் தள்ளியிருந்தேன். மிச்சம் ஒரே ஒரு படம் என்று எண் காட்டியது. ஒன்று போதும் என்று நினைத்தேன். குமிழ் சுழல்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். சுழன்றது.

நெம்புகோலைத் தள்ளினேன். பொத்தானை அழுத்தினேன். 'கிர்ர்' என்றது. ஓடினேன்.

விமான நிலையத்துக்குக் கிளம்புகிறவன் என்பதால் காலில் கயிறு கட்டிய ஷூ. அது நினைவிலேயே இல்லை. படிமேல் உமையாள் போட்ட கோலம். அவளும் வள்ளியும் சவரிமுத்துவும் வெறுங்காலோடு நிற்கிறார்கள். இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது செருப்புக் காலோடு அந்தப் படியை மிதித்தவன் இல்லை நான். கால் தானாகத் திரும்பியது. ஜன்னலுக்குக் கீழே செருப்பு வைக்கிற தட்டு. அங்கே போய், ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

"பா! என்ன செய்றீங்க? கமான்!" என்று வள்ளி கத்தினாள்.

ஒரு ஷூ கழன்றது. கேமரா 'சடக்' என்றது.

நான் ஒற்றை ஷூவோடு ஓடிப்போய் ஃபிலிம் நகர்த்துகிற நெம்புகோலை இழுத்துப் பார்த்தேன். இறுகிவிட்டது. ஃபிலிம் முடிந்துவிட்டது. ஃபிலிம் விற்கிற கடை இன்னும் திறந்திருக்காது. கேட்டுக்கு வெளியே டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார்.

"பரவால்ல லா, பா. நான் லீவுக்கு வருவேன்ல" என்றாள் வள்ளி. அந்தப் பிள்ளை எனக்கு ஆறுதல் சொல்கிறது.

சுபாங்கில் கண்ணாடிக்கு அப்பால் அவள் கைகாட்டியபோது என் கழுத்தில் அந்தக் கேமரா கிடந்தது. காலி.

6

ஒரு வாரம் கழித்துப் படங்கள் வந்தன. கடைசிப் படம் மிகத் தெளிவாக விழுந்திருந்தது. உமையாள், வள்ளி, சவரிமுத்து. மூன்றே பேர். வள்ளி நடுவில்.

உமையாள் அதைப் பார்த்தாள். படத்தைக் கவிழ்த்துப் பீரோவுக்குள் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். மாலையில் கோவிலுக்குப் போய் வள்ளி பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். அந்தப் படத்தை வள்ளிக்கு அனுப்பக்கூடாது, சவரிமுத்துவுக்கும் கொடுக்கக்கூடாது என்றாள். அவர் ஞாயிறன்று வந்து, "காப்பி வந்துச்சாண்ணே?" என்று கேட்டபோது, குடிக்கிற காப்பியைக் கேட்டதாகப் பாவித்து உமையாள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வள்ளியிடமிருந்து தொலைபேசி வரவில்லை. சேர்ந்துவிட்டேன் என்று ஒரு தடவை பேசியதோடு சரி. ஒவ்வொரு நாளும் உமையாளின் கண் பீரோப் பக்கம் போகும். எனக்கும் பயம் தொற்றிக்கொண்டது. விஞ்ஞானம் பேசிய வாய்தான். அந்த வீட்டில் இரண்டு பேர் இத்தனை சத்தமில்லாமல் இருக்க முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. ஒரு நாள் சாப்பாட்டு மேஜையை உமையாள் துடைத்துக்கொண்டிருந்தபோது படம் எடுக்கப் போனேன். அவள் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. எடுத்தால் எடு என்று இருந்தாள். எனக்குத்தான் மனம் வரவில்லை.

வேறு வேலை இல்லாமல் நெகட்டிவ்களை உறைகளில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கடைசித் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் நிறம் அல்லவா? முகம் கறுப்பு, தலைமுடி வெள்ளை. அந்த மூவருக்கும் அப்பால், ஒரேயடியாக ஓரத்தில், இன்னும் ஏதோ இருந்தது. கணக்குப் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஜன்னல் கம்பி. கம்பியைப் பற்றியிருக்கிற ஒரு கை. மணிக்கட்டில் கடிகாரம்.

ஃபிலிமில் விழுவது முழுவதும் காகிதத்துக்கு வருவதில்லை. அச்சிடுகிற இயந்திரம் ஓரங்களைக் கொஞ்சம் வெட்டிவிடும். விளக்கப் புத்தகத்தில் அது இல்லை. சீனரிடம் ஓடினேன். ஓரம் வெட்டாமல், சுற்றிலும் வெள்ளைக் கரை விட்டு மூன்று பிரதி போட்டுத் தரச் சொன்னேன்.

உமையாள் முன்னால் ஒன்றை வைத்தேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு பார்த்தாள். படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் போனாள்.

"இது உங்க வாட்சுதான?"

"ஆமாம்."

விரலை வைத்து ஒவ்வொருவராகத் தொட்டாள். தன்னை, வள்ளியை, சவரிமுத்துவை. கடைசியாக அந்தக் கையின்மேல் விரலை வைத்தாள். வைத்தபடி அழுதாள்.

"நாலு பேர்தான்" என்றாள். "அனுப்புங்க."

அன்றே ஒன்றை வள்ளிக்கு அனுப்பினேன். ஒன்றைச் சவரிமுத்துவுக்குக் கொண்டுபோனேன். அவர் சட்டம் போட்டு முன் அறையில், மகன்களின் கல்யாணப் படங்களுக்கு நடுவே மாட்டிவிட்டார். அவர் வீட்டில் அவர் இருக்கிற குடும்பப் படம் அது ஒன்றுதானாம்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறு மதியம் தொலைபேசி அடித்தது. வள்ளி. குளிர், சாப்பாடு, பாடம் என்று அவசரமாகச் சொன்னாள். பிறகு, "அந்தப் படத்த மேசைக்கு மேல ஒட்டி வச்சிருக்கேன்" என்றாள்.

"எல்லாரும் பாக்கிறாங்களா?"

"பாக்கிறாங்க. ரூமுக்கு வர்றவங்க எல்லாம் சவரிமுத்து அங்கிளக் காட்டி, இதான் உன் டாடியான்னு கேக்கிறாங்க."

"நீ என்ன சொல்லுவ?" என்று கேட்டேன்.

"இல்ல லா, அங்க பாருன்னு ஓரத்தக் காட்டுவேன். அந்தக் கைதான் எங்க அப்பச்சின்னு சொல்லுவேன்."

அதற்குள் அவள் போட்ட காசு தீர்ந்து இணைப்பு அறுந்தது. நான் ரிசீவரை வைக்காமல் அப்படியே நின்றேன்.

"என்ன சொன்னா?" என்று அடுப்படியிலிருந்து உமையாள் கேட்டாள்.

"படம் வந்து சேர்ந்திருச்சாம்" என்றேன்.